வெரேனா கொன்செட்டும் பதினொரு மணி நேரமும்

1877 அக்டோபர் 21ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஆண்கள் ஒரு பொது வாக்கெடுப்பில் கலந்துகொண்டார்கள். ஆலையில் ஓர் ஆளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதுதான் அவர்கள் முன்னிருந்த கேள்வி. ஏறத்தாழ 1,81,000 பேர் சட்டத்தை ஆதரித்தார்கள். ஏறத்தாழ 1,71,000 பேர் எதிர்த்தார்கள். மயிரிழையில் தேறிய அந்தச் சட்டத்தால் வேலை நாளின் உச்ச வரம்பு பதினொரு மணி நேரமானது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆலைக்குள் வரக் கூடாது, பெண்களுக்கு இரவு வேலையும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் கூடாது என்ற விதிகளும் அதில் இருந்தன. பதினொரு மணி நேரம் என்பது அன்றைக்குப் பெரிய வெற்றி என்பதை நான் முதலில் நம்ப மறுத்தேன். பிறகு, பன்னிரண்டு மணி நேர வரம்பைக் கொண்டுவருவதற்கே கிளாருஸ் மாநிலத்து மக்கள் 1864இல் திறந்தவெளிப் பேரவையில் கை உயர்த்த வேண்டியிருந்தது என்று படித்தபோதுதான் அந்த ஒரு மணி நேரக் குறைவின் எடை எனக்குப் புரிந்தது.

அந்த வாக்கெடுப்பு நடந்தபோது சூரிச் நகரில் வெரேனா கினெக்ட் என்ற பெண்ணுக்கு வயது பதினைந்து. பின்னாளில் வெரேனா கொன்செட் என்ற பெயரில் பெண் தொழிலாளர் தலைவராகவும் பதிப்பாளராகவும் ஆனவர். 1861 நவம்பர் 28இல் பிறந்தவர். தந்தை ஆலை ஊழியர். அவருடைய கண்பார்வை பறிபோனதும் குடும்பத்தின் வருமானம் அடைபட்டது. பிள்ளைகள் சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்தும் முடியாத பருவத்தில், புதிய சட்டம் பின்னாளில் தடைசெய்த அதே வயதில், வெரேனா ஆலைக்குள் போய்விட்டார். சட்டம் வந்து சேர்ந்தபோது அது காக்க நினைத்த குழந்தைப் பருவம் அவருக்கு முடிந்துபோயிருந்தது. ஆலை வேலைக்குப் பிறகு கழுத்துப்பட்டி தைக்கும் வேலை, கடையில் விற்பனை வேலை என்று அவருடைய இளமை நகர்ந்தது.

இந்த வேலைகளின் வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் பின்னாளில் பேசிய அரசியலின் வேர் இதில்தான் இருக்கிறது. 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே ஆலைச் சட்டம். அது ஆலையின் வாசலோடு நின்றுவிடும். தையல் வேலை செய்யும் பெண், வீட்டுக்குத் துணி வாங்கிக்கொண்டு போய் இரவெல்லாம் தைக்கும் பெண், கடைக்காரப் பெண், சலவைக்காரி, வீட்டு வேலைக்காரி ஆகிய எவருக்கும் அந்தப் பதினொரு மணி நேர வரம்பு பொருந்தாது. சூரிச்சின் செல்வத்துக்கு அடித்தளமான பட்டுத் தொழிலிலும் அதைச் சார்ந்த தையல் தொழிலிலும் இப்படிச் சட்டத்தின் வெளிச்சம் படாத மூலைகள் ஏராளம். வெரேனா சட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் வேலை செய்து பார்த்தவர். ஆகவே, சட்டம் வந்துவிட்டது என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், யாருக்கு வந்தது என்று கேட்கும் தகுதி அவருக்கு அனுபவத்தால் கிடைத்திருந்தது.

1883இல் அவர் கொன்ராட் கொன்செட்டை மணந்தார். கொன்ராட், கிராவுபுண்டன் மாநிலத்தின் கூர் நகரைச் சேர்ந்த அச்சுத் தொழிலாளி. அமெரிக்காவுக்குப் போய் சிகாகோவில் ஜெர்மன் மொழித் தொழிலாளர் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்துவிட்டுத் திரும்பியவர். உறுதியான சமூக ஜனநாயகவாதி. அந்த ஆண்டுகளில் சூரிச் ஐரோப்பிய சோசலிசத்தின் அடைக்கலமாக இருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1878இல் கொண்டுவந்த சோசலிச எதிர்ப்புச் சட்டம் சமூக ஜனநாயகக் கட்சியின் பத்திரிகைகளையெல்லாம் மூடிவிட்டதால், அந்த ஜெர்மன் கட்சியின் ஏடு 1879 முதல் 1888 வரை சூரிச்சிலிருந்து வெளிவந்து எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. அதன் ஆசிரியர் எடுவார்ட் பெர்ன்ஸ்டைன் உள்ளிட்ட நால்வரை சுவிஸ் அரசு 1888இல் வெளியேற்றிய பிறகு அந்த ஏடு லண்டனுக்குப் போனது. அச்சு மையும் அரசியலும் ஒன்றாகக் கலந்திருந்த இந்தச் சூழலில்தான், பள்ளியை அரைகுறையாக விட்டு வந்த வெரேனா வாசிக்கவும் விவாதிக்கவும் மேடையில் பேசவும் கற்றுக்கொண்டார். கணவரிடமிருந்து கற்றார் என்று மட்டும் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொன்ராடுக்குக் கோட்பாடு தெரிந்திருந்தது. ஆனால் ஆலையிலும் தையல் மேசையிலும் ஒரு பெண்ணின் நாள் எப்படிக் கரைகிறது என்பது வெரேனாவுக்குத்தான் தெரியும்.

1880களின் நடுப்பகுதியில் சுவிஸ் நகரங்களில் பெண் தொழிலாளர் சங்கங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ட்ரூட் கியோம்-ஷாக் என்ற பேச்சாளர் ஊர் ஊராகப் போய் இதற்கு ஊக்கம் கொடுத்தார். இந்தச் சிறு சங்கங்கள் 1890இல் சுவிஸ் பெண் தொழிலாளர் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் வெரேனா கொன்செட். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாளில் பத்து, பதினொரு மணி நேரம் வேலை செய்துவிட்டு, அதன் பிறகு சமைத்து, துவைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்த பெண்களைக் கொண்டு நடந்த அமைப்பு அது. உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து அதை அளந்தால் சிறியது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த உறுப்பினர்கள் எந்த நேரத்தைத் திருடி அங்கே வந்தார்கள் என்பதை வைத்து அளந்தால் அது எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது.

ஆலைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதை வாசித்த நாளிலிருந்து அது என் நினைவை விட்டு நீங்கவில்லை. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்புள்ள பெண் தொழிலாளிக்கு, மதிய இடைவேளை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாக ஆலையை விட்டுப் போக அனுமதி தர வேண்டும். காரணம் வெளிப்படை: அவள் வீட்டுக்கு ஓடிப்போய் சமைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் அன்றைய பெண்களுக்கு உண்மையான உதவி என்பதில் ஐயமில்லை, அதைப் பெற்றவர்கள் நன்றியோடுதான் ஓடியிருப்பார்கள். ஆயினும், பெண்ணுக்கு இரண்டு வேலை நாள்கள் உண்டு என்பதை அரசு தன் கையாலேயே எழுதிவைத்த வரியாகவும் அதை வாசிக்க முடிகிறது. பிரசவம் குறித்த விதியும் இப்படித்தான். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து எட்டு வாரங்கள் பெண் ஆலையில் வேலை செய்யக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரங்கள் ஆகாமல் திரும்பக் கூடாது என்று சட்டம் சொன்னது. ஐரோப்பாவிலேயே முன்னோடியான விதி. ஆனால் அந்த எட்டு வாரங்களுக்கு ஊதியம் கிடையாது. குழந்தை பிறக்கும் வேளையில், செலவு கூடும் வேளையில், வருமானத்தை நிறுத்தும் பாதுகாப்பு அது. அந்த இடைவெளியைத் தேசிய அளவில் ஒரு மகப்பேற்றுக் காப்பீடு நிரப்புவதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1893 ஆகஸ்டில் சர்வதேச சோசலிசத் தொழிலாளர் மாநாடு சூரிச்சில் கூடியது. முதிய எங்கெல்ஸ் நேரில் வந்து நிறைவுரை ஆற்றினார் என்பதற்காகவே இந்த மாநாட்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பெண் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பற்றி அங்கே நடந்த விவாதம். ஜெர்மனியின் கிளாரா செட்கின், இத்தாலியின் அன்னா குலிஷியோஃப் போன்ற சோசலிசப் பெண் தலைவர்கள் இருந்த அந்த மாநாட்டில் சுவிஸ் பெண் தொழிலாளர்களின் சார்பில் வெரேனா கொன்செட்டும் கலந்துகொண்டார். பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை நாள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆறு மணி நேரம், இரவு வேலைக்குத் தடை, உடலைக் கெடுக்கும் தொழில்களில் பெண்களை அமர்த்தத் தடை, பிரசவத்துக்கு முன் இரண்டு வாரமும் பின் நான்கு வாரமும் விடுப்பு, பெண் ஆய்வாளர்கள் நியமனம் ஆகிய கோரிக்கைகள் தீர்மானமாயின.

இந்தத் தீர்மானத்தை எல்லாப் பெண்களும் வரவேற்கவில்லை. பெண்களுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு என்றால், வேலை நேரம் குறைந்த தொழிலாளியை எந்த முதலாளி வைத்துக்கொள்வார், பெண்கள் வேலையை இழப்பார்களே என்று நடுத்தர வர்க்கப் பெண்ணுரிமையாளர்கள் பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லியே பெண்களை வெளியே நிறுத்திய வரலாறு நீளமானது. இருந்தாலும், பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்று கால் வீங்கிய பெண்ணிடம், சமத்துவத்துக்காக இன்னும் கொஞ்ச காலம் நின்றுகொண்டிரு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொன்செட்டுக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டே, 1894இல், சூரிச் மாநிலம் பெண் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ஆலைச் சட்டம் எட்டாத தொழிலகங்களில் வேலை செய்த பெண்களுக்குப் பத்து மணி நேர வரம்பை ஏற்படுத்தியது. தையல் மேசைக்கும் கடைசியில் ஒரு கடிகாரம் கிடைத்தது.

1897இல் கொன்ராட் கொன்செட் இறந்தார். வெரேனா அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். வளர்க்க இரண்டு மகன்கள். கையில் நல்ல நிலையில் இல்லாத ஓர் அச்சகம். அச்சகத்தை விற்றுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போயிருக்கலாம். அவரோ அதைத் தானே நடத்துவது என்று முடிவெடுத்தார். சுருக்கமான வாழ்க்கைக் குறிப்புகள் பொதுவாக இந்த இடத்தில் ஒரு கோடு போடுகின்றன: கோட்டுக்கு இப்பக்கம் தொழிலாளர் போராளி, அப்பக்கம் வெற்றிகரமான பதிப்பாளர். இந்தக் கோட்டை ஏற்க எனக்கு விருப்பமில்லை, அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

1908 வாக்கில் அவர் தொடங்கிய வார இதழின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஓய்வு நேரங்களில்’ என்று வரும். குடும்பத்தில் எல்லாரும் வாசிப்பதற்கான இதழ். கதைகளும் தொடர்கதைகளும் பொழுதுபோக்கு வாசிப்பும் கொண்டது. கொள்கைப் பிரசாரம் செய்யும் ஏடு அல்ல என்பதால், இது அவர் தன் பழைய வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டதற்கான சான்று என்று கருதுவோர் உண்டு. நான் அந்தத் தலைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பதினொரு மணியைப் பத்தாக்கு, பத்தை எட்டாக்கு என்று ஒரு தலைமுறை கேட்டது எதற்காக? தூங்குவதற்கும் சமைப்பதற்கும் போக, தனக்கென்று ஒரு நேரம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அப்படி மிஞ்சிய நேரத்தில் ஆலைப் பெண் கையில் எதை எடுப்பாள் என்ற கேள்வி, வேலை நேரக் கேள்வியின் மறுபாதி. இளவயதில் வாசிக்க நேரமே கிடைக்காத ஒருவர், தன் நாற்பத்தைந்தாவது வயதைத் தாண்டிய பிறகு, கிடைத்த நேரத்துக்கான வாசிப்பை அச்சடித்து வீடு வீடாக அனுப்பினார். இதில் விலகல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த இதழில் இன்னொரு சங்கதியும் இருந்தது. சந்தா கட்டியவர்களுக்கு அந்தச் சந்தாவோடு சேர்த்தே காப்பீடும் உண்டு. இதை விற்பனை உத்தி என்று சொல்லலாம், உத்தியும்தான். அது பலித்ததற்கான காரணத்தை அன்றைய சுவிட்சர்லாந்தின் நிலையில்தான் தேட வேண்டும். தேசிய அளவில் நோய்க்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்பீடு ஏற்படுத்தும் சட்ட முன்வரைவை 1900 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்துவிட்டார்கள். ஓரளவு சுருக்கப்பட்ட அடுத்த முயற்சி 1912இல்தான் வாக்கெடுப்பில் தேறியது. அதன்படி அமைந்த விபத்துக் காப்பீட்டு நிறுவனம் 1918இல்தான் செயல்படத் தொடங்கியது. அதுவும் குறிப்பிட்ட வகைத் தொழிலகங்களில் வேலை செய்தோருக்கே. நடுவிலிருந்த ஆண்டுகளில், ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்த வீட்டுப் பெண்ணுக்கு, சம்பாதிப்பவர் படுத்துவிட்ட குடும்பத்துக்கு, என்ன வழி? கண்பார்வை போன தந்தையின் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கேள்வியின் கூர்மை புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அரசு தராததை ஒரு வார இதழ் தரக் கூடாதா என்று அவர் நினைத்தது, வணிகமும் நினைவும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் முதலாளியாகவும் ஆனார். கொன்செட் - ஹூபர் என்ற பெயரில் வளர்ந்த அந்த நிறுவனத்தில் கூலி வாங்கியோர் இருந்தார்கள், அவர்களுடைய வேலை நேரத்தை நிர்ணயித்த கை அவருடையதாக இருந்தது. தொழிலாளர் இயக்கத்தில் அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் வேறு திசையில் போனார்கள். மார்கரேத்த ஃபாஸ்-ஹார்டெக்கர் 1905இல் சுவிஸ் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பெண் செயலாளராகி, பெண் தொழிலாளருக்கென ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் போராட்ட ஏடுகளை நடத்தினார். அவருடைய தீவிரத்தைப் பொறுக்காத தொழிற்சங்கத் தலைமை 1909இல் அவரைப் பதவியிலிருந்து அனுப்பிவிட்டது. இருவரும் பத்திரிகை நடத்திய பெண்கள்; ஒருவருடைய ஏடுகள் ஆலை வாசலில் கையிலிருந்து கைக்கு மாறியவை, மற்றவருடையது தபால்காரர் கொண்டுவந்து போட்டது. இதில் யார் வழி சரி என்று தீர்ப்புச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஹார்டெக்கரின் நெருப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு மகன்களுடன் கைவிடப்பட்ட நிலையிலிருந்த ஓர் அச்சகத்தைக் கையிலெடுத்த பெண், முதலில் அதை மூடாமல் காப்பாற்றியாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

1918ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. அந்த ஆண்டு பரவிய இன்ஃபுளுவென்சா சுவிட்சர்லாந்தில் 1918, 1919 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 25,000 உயிர்களைக் கொண்டுபோனது. முதியோரையும் குழந்தைகளையும்விட உழைக்கும் வயதினரையே அது அதிகம் தாக்கியது. வெரேனாவின் இரண்டு மகன்களும் அதில் இறந்தார்கள். நிறுவனத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டிய அறுபதை நெருங்கும் வயதில், தாய் பிழைத்திருந்தார், மகன்கள் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் நாடு முழுவதும் சுமார் 2,50,000 தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாரத்துக்கு 48 மணி நேர வேலை, முதியோருக்கும் உழைக்க முடியாதோருக்கும் காப்பீடு, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் இருந்தன. அவர் வாழ்நாளெல்லாம் பேசிய சொற்கள் தெருவில் ஒலித்த மாதங்கள், அவருடைய வீட்டில் சாவு விழுந்த மாதங்கள். வேலைநிறுத்தம் மூன்றே நாளில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் 1919இல் ஆலைச் சட்டம் திருத்தப்பட்டு 48 மணி நேர வாரம் வந்தது. பதினொரு மணி நேர நாளிலிருந்து அங்கே வந்து சேர நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் நிறுவனத்தின் பொறுப்பை மீண்டும் ஏற்றார். பேரப்பிள்ளைகள் சிறியவர்கள், அவர்கள் தலையெடுக்கும்வரை யாராவது அதைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். 1925இல் அந்த நிறுவனம் ‘சூரிச்சர் இல்லுஸ்ட்ரியர்ட்டே’ என்ற படப் பத்திரிகையைத் தொடங்கியது. 1929 முதல் ஆர்னால்ட் கூப்லர் அதன் ஆசிரியராக இருந்தார். ஹான்ஸ் ஸ்டாவுப், பவுல் சென், கொட்ஹார்ட் ஷூ ஆகிய ஒளிப்படக்காரர்கள் சாதாரண மனிதர்களின் அன்றாடத்தைப் படமெடுத்ததற்காக இன்றும் பேசப்படுகிறார்கள். 1941இல் அது நின்று, கூப்லரின் ஆசிரியத்துவத்தில் ‘டு’ என்ற கலை இதழ் பிறந்தது. ‘டு’ என்றால் நீ. இந்தப் பெருமைகளை வெரேனாவின் கணக்கில் எழுத நான் முனையவில்லை. அவை ஆசிரியரும் கலைஞர்களும் உழைத்துப் பெற்றவை. 1897இல் அவர் அச்சகத்தின் கதவைப் பூட்டியிருந்தால் அவை நடக்க ஓர் இடம் இருந்திருக்காது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இடையில், 1929இல், அவர் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். ஆலைச் சிறுமியாக இருந்தவர்கள் தங்கள் கையால் எழுதிவைத்த வாழ்க்கைகள் குறைவு என்பதால் அந்த நூலுக்குத் தனி மதிப்பு உண்டு.

1947 நவம்பர் 14இல், சூரிச் ஏரிக்கரையில் உள்ள கில்ச்பெர்க்கில், எண்பத்தாறு வயது நிறைவதற்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது அவர் இறந்தார். சூரிச் மாநில ஆண்கள் பெண்களின் வாக்குரிமையை 1920இல் நிராகரித்திருந்தார்கள். அவர் இறந்த அந்த 1947ஆம் ஆண்டிலும் மறுபடி நிராகரித்தார்கள். சட்டங்களைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசியவர் ஒரு சட்டத்துக்கும் வாக்களிக்காமலே போனார். தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971 பிப்ரவரியில்.

இன்று சூரிச்சில், தொழிலாளர் வசித்த பழைய பகுதியான நான்காம் வட்டத்தில், அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 1918இல் தந்தையை இழந்தபோது மூன்று வயதாக இருந்த பேரன் ஹான்ஸ் கொன்செட் பின்னாளில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அரசியலில் பாட்டியின் கட்சியில் சேராமல், விவசாயிகளும் சிறுதொழில் நடத்துவோரும் ஆதரித்த கட்சியில் இருந்தார். 1967-68இல் அவர் சுவிஸ் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய மன்றத்தின் தலைவராக அமர்ந்தார். அவர் தலைமை தாங்கிய அந்த அவையில் இருநூறு இருக்கைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட ஒரு பெண் அமர்ந்திருக்கவில்லை.